இடது கண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை

பிப்ரவரி 9

அன்புள்ள சின்னுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி என் பேச்சைக் கேட்பதில்லை. உன் காது எப்படி இருக்கிறது? போனில் பேசினால் நான் கத்துகிறேன் என்று நீ கோபிக்கிறாய், தெருவுக்கே கேட்கிறது என்று மருமகள் கோபிக்கிறாள். நமக்குக் காகிதம்தான் சரி. அஞ்சாங்கிளாஸ் கையெழுத்து, பொறுத்துக்கொள்.

விஷயம் பெரிது. நம் வாலு கண் டாக்டருக்குப் படித்து முடித்தாள் அல்லவா? அதற்கும் மேலே ஒன்றரை வருஷப் படிப்பு ஒன்று இருக்கிறதாம். மாறுகண் பிரிவில் சேர்ந்துவிட்டாள். "புரை எடுக்கிற டாக்டராப் போனா ஊரே வரிசையில நிக்கும். மாறுகண்ணுக்கு யாருடி வருவா?" என்று அவள் அப்பன் கேட்டான். "வர்றவங்களைப் பாக்கத்தாம்ப்பா போறேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். என் பேத்தி யாரிடமும் வழக்காடுவதில்லை, நினைத்ததைச் செய்துவிடுவாள். யார் மாதிரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை என் மூக்குக் கண்ணாடியை மாற்றப் போனபோது அவள் அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். நீளமான அறை. கடைசிச் சுவரில் ஒரு பொம்மைக் குரங்கு. வாலு காலடியில் ஒரு கட்டையை மிதித்தால் அது தாளம் தட்டுகிறது. பிள்ளைகள் குரங்கைப் பார்க்கும்போது இவள் கரண்டி மாதிரி ஒரு கறுப்புத் தட்டால் ஒரு கண்ணை மூடுகிறாள், எடுக்கிறாள், மற்றதை மூடுகிறாள். மூடி எடுக்கிற நேரத்தில் கண் எந்தப் பக்கத்திலிருந்து நகர்ந்து வருகிறது என்று பார்க்கிறாளாம். பிறகு ஏணி மாதிரி கண்ணாடித் துண்டு பதித்த பட்டையை வைத்து, எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்கிறாள். நானும் நாற்பது வருஷம் டேப்பும் கையுமாகத் துணி தைத்தவள், அளவு எடுப்பதைப் பார்த்தால் எனக்குப் பசிக்காது.

"கண்ணைப் பிடுங்கி மேஜை மேல வச்சு சரி பண்ணுவாங்கன்னு நெனச்சியா பாட்டி?" என்று கேட்டாள். நினைத்தேன்தான். இல்லையாம். கண் இருந்த இடத்திலேயே இருக்குமாம். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் பிடித்து இழுக்கின்றனவாம். வெளியே ஓடுகிற கண் என்றால் வெளிப்பக்கத் தசையைக் கழற்றிக் கொஞ்சம் பின்னால் தள்ளித் தைப்பார்கள், உள்பக்கத் தசையைக் கொஞ்சம் வெட்டிக் குறைத்துத் தைப்பார்கள். "அட, ஒரு பக்கம் லூஸ் விட்டு மறு பக்கம் பிடிச்சுத் தைக்கிறது" என்றேன். அவளோடு இருந்த டாக்டர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கேலியாகச் சிரிக்கவில்லை.

அங்கேயே பெரிய டாக்டரம்மாவிடம் உன்னைப் பற்றிப் பேசினேன். அறுபத்தாறு வயதிலும் செய்யலாமாம். மார்ச் 12 அன்று உன் பெயரைப் பதிந்துவிட்டேன். ஆபரேஷன் நம் வாலுதான் செய்வாள். எதிர் வீட்டு டீச்சரிடமும் சொல்லிவிட்டேன். பெட்டியைக் கட்டு.

உன் அக்கா

*

பிப்ரவரி 17

அக்கா,

உன் கடிதம் வந்தது. என் கண்ணுக்கு ஆபரேஷன் என்கிற சேதி எதிர் வீட்டு டீச்சருக்குத் தெரிந்த பிறகு எனக்கும் தெரிந்ததில் சந்தோஷம்.

குரங்கைப் பற்றி எழுதியது பிடித்திருந்தது. எனக்குச் சில சந்தேகங்கள். தசை ஆறு என்றால் மேலும் கீழும் இழுப்பவை எத்தனை? தள்ளித் தைப்பது எத்தனை மில்லிமீட்டர்? தைத்த பிறகு பார்வை வருமா, தோற்றம் மட்டும்தான் மாறுமா? என் இடது கண் சின்ன வயதிலிருந்தே மங்கல்தான். கேட்டு எழுது.

இன்னொன்றும் கேள். இத்தனை பிரிவுகள் இருக்க, அவள் ஏன் மாறுகண்ணை எடுத்தாள்? அப்பனுக்குச் சொன்ன பதில் பதில் இல்லை.

நீ கேட்காமல் பெயரைப் பதிந்ததால், நீ கேட்காத ஒன்றை நானும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நான் தபால் ஆபீஸில் பணம் கட்டுகிற கவுண்டரில் இருந்தேன். "அடுத்தவங்க வாங்க" என்று நான் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் இரண்டு பேர் வருவார்கள். "என்னைக் கூப்பிட்டீங்களா, அவரைக் கூப்பிட்டீங்களா?" என்று சண்டை. மேலதிகாரி நல்ல மனிதர். ஒரு வார்த்தையும் சொல்லாமல் என்னைப் பின்னால் பார்சல் அறைக்கு மாற்றினார். இருபத்தெட்டு வருஷம் மூட்டைகளைப் பார்த்தபடி இருந்தேன். மூட்டைகளுக்கு அந்தச் சந்தேகம் வருவதில்லை. உனக்கு அதைப் பதவி உயர்வு என்று எழுதினேன்.

மார்ச் 12 அன்று நான் வரவில்லை. எப்போதுமே வரமாட்டேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

சின்னு

*

பிப்ரவரி 26

அன்புள்ள சின்னுவுக்கு,

வாங்கிக் கட்டிக்கொண்டேன். உன் கேள்விகளோடு வாலுவிடம் போனேன். "சின்னப் பாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள். "நல்லதுக்குத்தானேடி" என்றேன். "நல்லதா இல்லையான்னு சொல்ல வேண்டியது அவங்க. நான் இன்னும் கத்துக்கறவ பாட்டி. சொந்தக்காரங்க கண்ணுல நான் கத்தி வைக்க மாட்டேன். நீ யாரைக் கேட்டு ஊரெல்லாம் தண்டோரா போட்ட?" என்றாள். உன் பெயரை அடித்துவிட்டாள். டீச்சரம்மா தினமும் "தங்கச்சி எப்ப வர்றாங்க?" என்கிறார். நான் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு நடமாடுகிறேன்.

உன் சந்தேகங்களுக்கு அவள் சொன்ன பதில்: நேராக மேலே இழுக்க ஒன்று, கீழே இழுக்க ஒன்று, சாய்வாக இரண்டு, பக்கவாட்டில் இரண்டு. தள்ளித் தைப்பது நாலிலிருந்து எட்டு ஒன்பது மில்லிமீட்டர் வரை, அளவைப் பொறுத்து. உன் வயதில் மங்கல் கண்ணுக்குப் பார்வை வராது. கண் நேராக நிற்கும். சிலருக்குக் கொஞ்ச நாள் இரண்டிரண்டாகத் தெரியுமாம், அதனால் முன்கூட்டியே கண்ணாடி கொடுத்துச் சோதிப்பார்களாம்.

அவள் ஏன் மாறுகண்ணை எடுத்தாள் என்பதையும் கேட்டேன். ஏழு வயதில் உன் மடியில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க என்னைப் பாக்கறீங்களா, ஜன்னலைப் பாக்கறீங்களா?" என்று கேட்டாளாம். "நீ பளார்னு வச்ச பாட்டி. அப்புறம் யாருமே எனக்குப் பதில் சொல்லல. படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும்போலன்னு நெனச்சேன்."

எனக்கு ஞாபகம் இல்லை, சின்னு. அடித்தேனா?

பார்சல் அறைச் சேதியைப் படித்த பிறகு தைக்க உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அந்தப் பதவி உயர்வை நான் கடைத்தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

உன் அக்கா

*

மார்ச் 8

அக்கா,

அடித்தாய். குழந்தை கன்னத்தில் உன் மோதிரம் பதிந்திருந்தது. அவள் கேட்டதும் நான் சொல்ல வாயைத் திறந்தேன். முதல் தடவையாக ஒருத்தி பயமில்லாமல், இரக்கமில்லாமல், தெரிந்துகொள்ள மட்டும் கேட்டாள். நான் சொல்வதற்குள் உன் கை முந்திவிட்டது.

பள்ளிக்கூடத்தில் என்னை ஒண்ணரைக்கண்ணு என்று சொன்னவள் தலையில் சிலேட்டை உடைத்தாய். அது எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் கண் என்கிற வார்த்தையே போய்விட்டது. எந்தப் போட்டோவிலும் என் இடது பக்கம் நீ. என் முகத்தில் பாதி உன் தோளுக்குப் பின்னால். நீ காவல் நின்றாய். காவல் போட்டிருக்கிற வீட்டைப் பார்த்தால் ஊர் என்ன நினைக்கும், உள்ளே மறைக்க ஏதோ இருக்கிறது என்றுதானே? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கிறாய். வாலுவிடம் கேட்டிருக்கிறாய். குரங்கு எப்படித் தாளம் தட்டுகிறது என்றுகூடக் கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறாய். அறுபது வருஷத்தில் என் கண்ணைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

அடுத்த கடிதத்தில் கேள்வி இருந்தால் எழுது. இல்லையென்றால் வேண்டாம்.

சின்னு

*

மார்ச் 30

சின்னு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்றே எழுதியிருந்தேன். அது கேள்வி இல்லை.

உனக்கு எப்படித் தெரிகிறது? உருவம் ஒன்றா, இரண்டா? இடது கண் பார்ப்பது எங்கே போகிறது? கண்ணாடி முன்னால் நின்றால் எதைப் பார்ப்பாய்? பேசுகிறவர்கள் உன் எந்தக் கண்ணைப் பார்ப்பது என்று தடுமாறுவது உனக்குத் தெரியுமா? நான் பக்கத்தில் நின்றது உனக்குப் பிடிக்கவே இல்லையா?

ஆபரேஷன் வேண்டுமா என்று நான் கேட்கப் போவதில்லை. இவை மட்டும் தெரிந்தால் போதும்.

வாலுவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு பாட்டி, நீ அடிச்ச அடியில ஒரு டாக்டர் வந்தாச்சு" என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை.

அக்கா

*

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கேள்விகளுக்குப் பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. நீ வாசலில் தபால்காரரைப் படுத்தியிருப்பாய். அவருக்கு என் அனுதாபங்கள்.

உருவம் ஒன்றுதான். இடது கண் பார்ப்பதை மூளை வாங்கி எங்கோ ஒரு மூலையில் போட்டுவிடுகிறது. இடது ஓரத்தில் மட்டும் ஏதாவது அசைந்தால் உங்கள் எல்லாருக்கும் முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். கண்ணாடியில் வகிட்டை மட்டும் பார்ப்பேன், கீழே வரமாட்டேன். பேசுகிறவர்கள் தடுமாறுவது நன்றாகத் தெரியும். முதலில் இடது, பிறகு வலது, கடைசியில் என் நெற்றி. நெற்றியோடு பேசுகிறவர்களிடம் நான் சீக்கிரம் பேச்சை முடித்துக்கொள்வேன். நீ பக்கத்தில் நின்றது சில நாள் பிடித்தது, சில நாள் பிடிக்கவில்லை. இரண்டும் உண்மை.

இதையெல்லாம் எழுதி வைத்துவிட்டு, ஒரு நாள் இங்கே இருக்கிற கண் மருத்துவமனைக்கு நானே போனேன். யாரும் அனுப்பவில்லை. டாக்டர் இளம் வயதுக்காரர், என் கேள்விகளைக் கேட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நீ எழுதியிருந்த அந்தச் சோதனைக்காக, மூக்குக் கண்ணாடியில் வரி வரியாக ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டி ஒரு வாரம் போடச் சொன்னார். முதல் இரண்டு நாள் இரண்டு வாசற்படி. எது நிஜம் என்று காலால் தடவிப் பார்த்து இறங்கினேன். நாலாம் நாள் இரண்டாவது படி மறைந்துவிட்டது. அது எங்கே போயிற்று என்று டாக்டரைக் கேட்டேன். "உங்க மூளை அதை ஒதுக்கக் கத்துக்கிச்சும்மா, இனி பயமில்ல" என்றார். அப்போதுதான் ஆபரேஷனுக்குச் சரி என்றேன்.

ஏப்ரல் 24 அன்று ஆனது. கண்ணைச் சுற்றி மரத்துப் போக ஊசி போட்டார்கள். நீ சொன்னதேதான், ஒரு பக்கம் லூஸ், ஒரு பக்கம் பிடிப்பு. ஆனால் நீ எழுதாத ஒன்று உண்டு. நூலை இறுக்கி முடிச்சுப் போடாமல் சுருக்காக விட்டுவைத்தார்கள். மறுநாள் காலை உட்கார வைத்து, சுவரில் ஒரு விளக்கைப் பார்க்கச் சொல்லி, கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் விட்டு, "போதுமாம்மா? உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டுத்தான் முடிச்சுப் போட்டார். உடுத்திப் பார்த்துச் சரி செய்வது உங்கள் தொழிலில் மட்டும்தான் என்று இதுவரை நினைத்திருந்தேன்.

மாடி வீட்டு நர்ஸ் சொட்டு மருந்து விட்டாள். மூன்று வாரம் தக்காளிச் சிவப்பு. இப்போது வெளுத்துவிட்டது. சாயங்காலம் களைத்துப் போனால் கண் கொஞ்சம் வெளியே போகப் பார்க்கிறது. முழுக்க நேராகாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

உனக்குச் சொல்லவில்லை என்று திட்டுவாய். திட்டு. நீ பக்கத்தில் இருந்திருந்தால், கட்டைப் பிரித்ததும் நான் கண்ணாடியைப் பார்த்திருக்க மாட்டேன், உன் முகத்தைத்தான் பார்த்திருப்பேன். என் கண் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவையாவது நானே தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. வாலுவிடம் சொல், அவளுடைய பழைய கேள்விக்குப் பதில் என்னிடம் இருக்கிறது, ஜூலையில் வந்து நேரில் சொல்கிறேன்.

போன வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பஸ் நிறுத்தத்தில் ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தோம். கையில் ஒரு கவரோடு ஒருவர் வந்தார். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்து, "அம்மா, தபால் ஆபீஸ் எப்படிப் போகணும்?" என்றார். தெருவில் முகம் தெரியாத ஒருவர் என்னைத் தேர்ந்தெடுத்து வழி கேட்பது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் உடனே கையை நீட்டிக் காட்டினேன். அவர் நன்றி சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

அவர் தெரு முனையில் திரும்பிய பிறகுதான் உறைத்தது, அக்கா. தபால் ஆபீஸ் அந்தப் பக்கம் இல்லை.

உன்
சின்னு