கோஸ் நூடுல்ஸும் அம்மாவின் கண் ஆபரேஷனும்

செங்கல்பட்டு
18.11.2006

அன்பு மகள் ஹரிப்ரியாவுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளை நிதினும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான், ஆனால் கொஞ்சம் களைத்துப்போய் இருக்கிறோம் என்று எழுதினால்தான் உண்மையாக இருக்கும். வாரா வாரம் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் கூடத்தில் இருக்கிறது, உன் அம்மாவும் கூடத்திலேயேதான் இருக்கிறாள். கண் மங்கியதிலிருந்து அவளுக்குக் காது இரண்டு மடங்கு கூர்மை. அதனால் மழைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், படித்துவிட்டுக் கோபப்படாதே.

நீ உன் தோழியிடம் கொடுத்தனுப்பிய நூடுல்ஸ் பாக்கெட்டுகள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஏதோ கிழங்கில் செய்தது, மாவுச்சத்தே கிடையாது, சர்க்கரை ஏறாது, இதைச் சாப்பிட்டு அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கினால் டாக்டர் கண் ஆபரேஷனுக்குச் சம்மதிப்பார் என்று நீ எவ்வளவு நம்பிக்கையோடு அனுப்பினாய் என்று எனக்குத் தெரியும். நானும் அதே நம்பிக்கையோடுதான் கத்தரியை எடுத்து முதல் பாக்கெட்டை வெட்டினேன். வெட்டினதும் கல்பாக்கத்தில் நாம் இருந்தபோது சாயங்காலக் காற்றில் மீனவர் குப்பத்துப் பக்கமிருந்து வருமே, அதே வாடை. உன் அம்மா பிறந்ததிலிருந்து சைவம், மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். நீ சொன்னபடி நன்றாகக் கழுவினேன், வெந்நீரில் போட்டு எடுத்தேன், வெறும் வாணலியில் ஈரம் போகப் புரட்டினேன், பூண்டு இஞ்சி போட்டு சோயா சாஸ் விட்டுக் கிளறினேன். வாடை போய்விட்டது என்று நான் சத்தியம் செய்தும் அவள் மனசிலிருந்து போகவில்லை. பிறகு சாப்பிடுகிறேன், மூடி வையுங்கள் என்றாள். நானும் நம்பி பென்ஷன் விஷயமாக பாங்குக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் தட்டு மூடியபடியே இருக்கிறது, அவள் நாற்காலியில் தொப்பலாக வியர்த்து உட்கார்ந்திருக்கிறாள். ஞானம், ஞானம் என்று உன் அம்மாவைப் பேர் சொல்லி உலுக்கி, என்ன ஆச்சு என்றால், கல்பாக்கம் பஸ் போயிடுச்சா, ஹரிக்கு ஸ்கூல் விட்டிருக்குமே என்கிறாள். சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு ஒன்றும் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ரெபேக்காள் ஓடிவந்து, தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். சர்க்கரை ஆகாது என்று அந்த டப்பாவைப் பரண் மேல் ஏற்றி வைத்தவன் நான்தான், ஸ்டூல் போட்டு ஏறி எடுத்ததும் நான்தான். அவளுக்குத் தெளிவு வந்து, ஏன் எல்லாரும் நிக்கறீங்க, காபி போடவா என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். நூடுல்ஸ் எப்படிம்மா இருந்தது என்று கேட்டாய் போலிருக்கிறது. பிரமாதமா இருந்ததுடி, ஒரு தட்டு முழுக்க சாப்பிட்டேன் என்றாள். உன் மனசு நோகக் கூடாது என்றுதான். அதைத் திருத்த எனக்கும் மனசு வரவில்லை.

மறுநாள் டாக்டர் கேசவனிடம் கூட்டிப்போனேன். சோற்றைக் குறைக்கச் சொன்னேனே தவிரப் பட்டினி போடச் சொல்லவில்லையே சார் என்று என்னைத்தான் பார்த்தார். மாத்திரை அளவைக் குறைத்துக் கொடுத்து, காய்கறியைக் கூட்டுங்கள், வேளாவேளைக்குச் சாப்பிட வையுங்கள் என்றார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, உன் நூடுல்ஸ் இல்லாவிட்டால் என்ன, உன் செய்முறை இருக்கிறதே. கோஸையும் பெங்களூர் கத்தரிக்காயையும் நூடுல்ஸ் மாதிரி நீளநீளமாக நறுக்கி அதே மாதிரி செய்து பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். முதல் நாள் சிம்மில் வைத்துவிட்டேன், முதலிலேயே உப்பையும் போட்டுவிட்டேன், கோஸ் தண்ணீர் விட்டுக்கொண்டு கூட்டு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த நாள் இரும்பு வாணலியைப் புகை வரக் காயவைத்து, தீயைக் குறைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் புரட்டினேன், சோயா சாஸிலேயே உப்பு இருக்கிறது என்று அப்போதுதான் புத்தியில் ஏறியது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் நறுக்கினதை விரலால் தடவிப் பார்த்து, இது நூடுல்ஸா, தாம்புக் கயிறா என்பாள். வரவர மெல்லிசாக வந்துவிட்டது. கடைசியில் குடைமிளகாய், வெங்காயத்தாள், வறுத்த வேர்க்கடலை, கொஞ்சம் பன்னீர், இறக்கும்போது ஒரு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு. காய்கறிக்கடை செங்கல்வராயன், இன்னா சார், நேத்துதான் கோசு வாங்கினு போனீங்கோ, இன்னிக்கும் கோசா, வூட்ல ஆடு கீடு வளக்கிறீங்களா என்று கேட்கிறான். சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மறுபடி நறுக்க உட்காரும்போது சிரிப்பு வரவில்லை. நறுக்குவதற்குள் முதுகு விட்டுப்போகிறது, பாத்திரம் தேய்த்து நிமிர்ந்தால் அடுத்த வேளை வந்து நிற்கிறது. இத்தனை வருஷம் உன் அம்மா இதை எப்படி முகம் சுளிக்காமல் செய்தாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அவள் சாப்பிட ஆரம்பித்தாள் என்பதுதான் முக்கியம். ஆசையாக இல்லை, மருந்து மாதிரி. அவள் ஏங்கக் கூடாது என்று நானும் வீட்டில் சோறு வடிப்பதை நிறுத்திவிட்டேன், அவள் சாப்பிடுவதையே நானும் சாப்பிட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை, தட்டில் இருப்பது அவளுக்குச் சரியாகத் தெரிவதும் இல்லை. போன வாரம் ஒரு மத்தியானம் கரண்ட் இல்லை, வெளியே கொட்டுகிறது, தட்டை அவள் கையில் கொடுக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாள். கைக்கடிகாரம் முழங்கைப் பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. அவள் விடாமல் முழங்கை வரைக்கும், தோள் வரைக்கும் தடவிப் பார்த்தாள். ஏங்க, உங்க கை ஏன் இப்படி ஆயிடுச்சு, நீங்களும் இந்தக் கோஸைத்தான் தின்னுட்டு இருக்கீங்களா, சர்க்கரை உங்களுக்கா எனக்கா என்று கேட்டாள். நான் மழுப்பினேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சோறு இல்லாதது எனக்குப் பழகிடுச்சுங்க, ஒருத்தருக்குச் சோறு போடாம உட்கார்ந்திருக்கறதுதான் பழகலை, நான் பார்க்காத நேரத்துல நீங்க இளைச்சுப் போயிட்டீங்களே என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நான் தடுக்கப் போனேன், உட்காருங்க என்றாள், அந்தக் குரலை உனக்குத் தெரியும், உட்கார்ந்துவிட்டேன். அரிசியைக் கையால் அளந்து, தண்ணீரை விரல் கணுவால் பார்த்து, அடுப்பை மட்டும் பற்றவைக்கச் சொன்னாள். சோறு, மிளகு ரசம், ஒரு அப்பளம். எனக்குப் பரிமாறிவிட்டு அவள் தன் கோஸ் தட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். ரசத்தின் ஆவி அவள் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாளே தவிர ஒரு பருக்கையைத் தொடவில்லை. அன்றுதான் முதல் தடவையாகத் தன் தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் இருக்கா என்று கேட்டாள். நான் எழுந்து போய் வாணலியில் இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டேன். பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு அன்று சாயங்காலம் வரைக்கும் தூங்கினேன், அவள் என்னை எழுப்பவே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு அவள் வடிக்கிறாள், அவளுக்கு நான் நறுக்குகிறேன். நேற்று ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். இன்னும் முழுக்க இறங்கவில்லை, ஆனால் ஆபரேஷனுக்கு இது போதும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கார்த்திகை தீபம் கழிந்த வியாழக்கிழமை, சென்னையில், முதலில் வலது கண். எலக்ட்ரிக் ட்ரெயினில் போய்விடலாம் என்கிறாள், நான் கார் பேசியிருக்கிறேன். ரெபேக்காளும் கூட வருகிறாள். நீ லீவு போட்டு அலைய வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள். முடிந்தால் வா என்று நான் சொல்கிறேன். மிச்சமிருந்த பாக்கெட்டுகளை ரெபேக்காள் வாங்கிக்கொண்டாள், அவர்கள் வீட்டில் இறால் போட்டுச் செய்து நன்றாக இருந்ததாம், வீணாகவில்லை. இனி அனுப்பாதே. அங்கே நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள், ஆபீசில் நின்றபடியே சாப்பிட்டு ஓடாதே, மாப்பிள்ளையையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ உன் அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே. ஆபரேஷன் அன்று காலையில் போன் செய்வாய் அல்லவா, அப்போது என்ன சாப்பிட்டாய் என்று அம்மாவைக் கேட்காதே. பயமாக இருக்கிறதா என்று கேள். அவளிடம் கேட்டுவிட்டு என்னிடமும் கேள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
ராமானுஜம்