உனக்குச் சொல்லாமல் செய்த அடக்கம்

அன்பு மகள் ஷெரிகாவுக்கு அப்பா எழுதுவது.

நீ நலமா என்று கேட்டு, இங்கே அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை, அதில் முதல் பாதியை மட்டுமே என்னால் எழுத முடிகிறது. இந்தக் கடிதத்தை டிரமெய்ன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உன்னோடு ஆங்கில டீச்சர் வேலைக்குத் தேர்வாகி, கடவுச்சீட்டு வராமல் பின்தங்கிப்போன அதே டிரமெய்ன், வியாழக்கிழமை ஜப்பானுக்கு விமானம் ஏறுகிறான். நீ படித்து முடிக்கும்வரை உன் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன், அவனை விரட்டாதே. முதலில் எங்கேயாவது உட்கார்ந்துகொள் மகளே. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. உன் அம்மா போய்விட்டாள். நேற்று சனிக்கிழமை அடக்கம் முடிந்தது.

நீ கிளம்பிய நான்காம் நாள், திங்கட்கிழமை, சந்தைக்கு வெங்காயத்தாள் கட்டிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிசைகிறது என்றாள். வாயுவாக இருக்கும் என்று பாகற்கொடிக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன், ஒரு வாய் குடித்துவிட்டு "இதுல கொஞ்சம் சர்க்கரை போட்டா உன் கை தேஞ்சா போயிடும்?" என்று என்னைத் திட்டினாள், திட்டுகிற பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று நானும் வயல் மண் ஈரம் காயாமலிருக்கக் காய்ந்த புல் பரப்பப் போய்விட்டேன். மதியம் வந்து பார்த்தால் வெங்காயத்தாள் குவியல் மேலேயே சாய்ந்து கிடக்கிறாள். மெர்டெல் சித்தி வேன் பிடித்துக்கொண்டு வந்தாள், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், அவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு முடிந்துவிட்டது. வெளியே வராந்தாவில் நின்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், அங்கே உனக்குப் புதன்கிழமை விடிகாலை ஐந்து மணி, உன் முதல் வகுப்பு நாள். எழுந்து சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன். வகுப்பு முடியட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று போனைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த நாளைதான் இன்று வரைக்கும் நீண்டுபோய்விட்டது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டாய். அறைக்கு இணைய இணைப்பு வர இன்னும் மூன்று வாரம் ஆகும் என்று தெருமுனைக் கடை வாசலில் நின்று பேசினாய். மூன்று வேளையும் சோற்று உருண்டைதான் என்றாய், எந்த நாளில் எந்தக் குப்பை வைப்பது என்று தெரியாமல் வைத்ததில் எதிர்வீட்டுக்காரி உன் பையைத் திரும்பக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுக் குனிந்து ஒரு வணக்கமும் போட்டுவிட்டுப் போனாள் என்றாய். நம் வீட்டில் சிக்னல் கிடைப்பது படுக்கையறை ஜன்னலோரம் மட்டும்தானே, யோசிக்காமல் அங்கே போய் உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள்தான் மெர்டெல் சபைப் பெண்களைக் கூட்டிவந்து கட்டிலை எதிர்ச்சுவர்ப் பக்கம் திருப்பி, அலமாரியை நகர்த்தி, திரையையும் மாற்றியிருந்தாள். போனவள் ஆவியாகத் திரும்பி வந்தாலும் அறை அடையாளம் தெரியாமல் போய்விட வேண்டுமே. என் முதுகுக்குப் பின்னால் கட்டில் தெரியும் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. "என்னப்பா, கட்டிலத் திருப்பிப் போட்டிருக்கு, யாரு செத்தா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். கரையான் என்றேன். அம்மா எங்கே என்றாய். பிளாக் ரிவர் டவுனில் சபைக் கூட்டம், போனை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டாள் என்றேன். "அம்மா கையில போன் என்னைக்குத் தங்கிச்சு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். நம் ஊர்ப் பிள்ளைக்குத் திருப்பின கட்டில் என்றால் என்ன என்று தெரியாதா? தெரிந்தும் என் வார்த்தையை நம்பினாய். அதுதான் என்னைக் கொல்கிறது.

இரண்டாவது முறை கூப்பிட்டபோது, அம்மா இன்னும் பிளாக் ரிவரில்தான் என்ற என் பொய்யைக் கேட்டுக்கொண்டு வகுப்பைப் பற்றியே பேசினாய். உன்னை அறிமுகம் செய்துகொள்ளும் பாடத்தில் அம்மா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாயாம், தலையில் கூடையோடு வயலில் நிற்கிற படம். பிள்ளைகள் எல்லாரும் டீச்சரின் அம்மா பலசாலி என்று கத்தினார்களாம், வகுப்பிலேயே வாய் திறக்காத ஒரு பெண் எழுந்து உங்கள் அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று ஆங்கிலத்தில் தப்பில்லாமல் கேட்டாளாம். நீ பூரித்துப்போய்ச் சொன்னாய், நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கு உன் அம்மா சவக்கிடங்கில் ஒன்பதாவது நாளாகக் கிடந்தாள். எனக்கு எப்படித்தான் சிரிப்பு வந்ததோ தெரியவில்லை.

வெளிநாட்டுப் பிள்ளை வந்து சேரும்வரை உடலை வைத்துக் காத்திருப்பது நம் ஊரில் யார் வீட்டிலும் நடப்பதுதான், டொரான்டோ மகனுக்காக டீக்கன் பிளேக்கை ஆறு வாரம் வைத்திருந்தார்களே. அதனால் துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் "ஷெரிகா எப்ப வரா?" என்றுதான் கேட்டார்கள். ஒப்பந்தம் அப்படி, விட மாட்டார்கள் என்றேன். வராத பழியை உன் தலையில் போட்டுவிட்டேன் மகளே. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு ஊற்றிய ஆட்டுத்தலை சூப்பைக் குடித்துக்கொண்டே "பெத்தவளைவிடப் பெரிசா அந்த வேலை?" என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள், நான் கேட்காதவன் மாதிரி கோப்பையைக் கழுவப் போனேன். அடக்க ஆராதனைக்கு அச்சடித்த புத்தகத்தில் மகளின் அஞ்சலி என்று ஒரு பக்கம் வரும் இல்லையா, அதை வெறுமையாக விட முடியாமல் நானே உன் பெயரில் எழுதினேன். மெர்டெல் அதை நின்று படித்தாள், கோயிலே அழுதது. உனக்கு எதுவுமே தெரியாது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். நம் வீட்டுச் சீமைப்பலா மரத்துக்குப் பின்னால் உன் அம்மாவை இறக்கி, கல்லறைக்குச் சிமெண்டு பூசிக்கொண்டிருக்கும்போதே மெர்டெல் என் கையைப் பிடித்து இழுத்து, "அத்தான், அந்தப் பொண்ணு மூஞ்சில இனி எப்படி முழிப்பீங்க?" என்றாள். "அவ அம்மாதான் சொல்ல வேணாம்னா" என்றேன். அதை நம்பி என் கையை விட்டுவிட்டாள்.

நான் ஏன் மறைத்தேன் என்று நீ கேட்பாய். இரண்டு வருடம் முட்டி மோதி வாங்கிய வேலை, நீ வந்தால் கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. நீ வந்து இந்த வாசலில் நின்றால் உன்னைத் திரும்பப் போக விட மாட்டேன், எனக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு இங்கேயே இரு என்று சொல்லிவிடுவேன் என்று பயந்தேன். இந்த வீட்டில் தனியாக இருக்க என்னால் முடியவில்லை ஷெரிகா.

மெர்டெல்லிடம் சொன்னது பொய். சொல்ல வேண்டாம் என்று உன் அம்மா சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்கு நன்றாக நினைவு இருந்தது. மூக்கில் இருந்த குழாயை ஒதுக்கிவிட்டு, "எகர்ட்டன், பிள்ளைக்குப் போன் போடு, ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன்" என்றாள். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. "அங்க நடுராத்திரிடி, நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணும், தூங்கட்டும், சாயங்காலம் பேசலாம்" என்றேன். சரி என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எழுந்திருப்பாளா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. இதை நான் பாஸ்டரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

கர்த்தர் உன் வழியையெல்லாம் காக்கட்டும், உன் அம்மா உனக்காகச் செய்த ஜெபம் எதுவும் வீண்போகாமல் இருக்கட்டும். சோற்று உருண்டையை மட்டும் தின்றுகொண்டு கிடக்காதே, சமைத்துச் சாப்பிடு. மறக்காமல் ஒன்று செய். படித்து முடித்தவுடன் எனக்குப் போன் போடு, இங்கே எந்த நேரமாக இருந்தாலும் சரி. என்னைத் திட்டுவதற்கானாலும் போடு, பேசப் பிடிக்காவிட்டால் நான் எடுத்ததும் வைத்துவிடு. நான் ஜன்னலோரமே உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மாவின் குரலை உனக்குக் கொடுக்காமல் போன,
உன் அப்பா
எகர்ட்டன் பியூசி