புகைப்படம் இணைக்கப்படவில்லை

ஆவணி 24, செவ்வாய்

ஒப்பாரி பாடும் பாண்டியம்மாள் இன்று சோழவந்தானிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அரசு தரும் கலைஞர் அட்டைக்கு மனு. அட்டை இருந்தால்தான் உதவித்தொகை கிடைக்கும். பாடும்போது எடுத்த புகைப்படம் மனுவோடு வேண்டும் என்றேன்.

"எழவு வீட்ல எவன் போட்டா புடிப்பான் தாயி?" என்று சிரித்தார்.

அப்படியானால் இங்கேயே பாடிக் காட்டச் சொன்னார் கண்காணிப்பாளர்.

"செத்தவுக பேரு இல்லாம எப்பிடிப் பாட? ஒங்க பேரப் போட்டுக்கிறவா சார்?"

அவர் கோப்புக்குள் குனிந்துகொண்டார். நான் அம்மாவின் பெயரைச் சொன்னேன். போன தையில்தான் அம்மா போனாள்.

"எத்தன பிள்ளைக?"

"நான் மட்டும்தான்."

மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, அம்மாவைப் பாடினார். பக்கத்து அறைக்காரர்கள் வந்து கைகட்டி நின்றார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றியிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. தையிலும் வரவில்லை.

பாடி முடித்ததும் எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் போனார். சாவு வீட்டிலிருந்து அப்படித்தான் போவார்கள்.

சாயங்காலம் மனுவைத் திருப்பி அனுப்பக் குறிப்பு எழுதினேன். 'புகைப்படம் இணைக்கப்படவில்லை.' அப்போதுதான் உறைத்தது. அத்தனை பேர் நின்றோம். ஒருவரும் கைபேசியை எடுக்கவில்லை. நானும்தான்.