மேசை உயரம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று ஒரு பெரியவர்மேல் பழியைப் போட்டுவிட்டேன். தூக்கம் வரவில்லை.

பூந்தமல்லியில் நான் டைப் அடிக்கும் பத்திர எழுத்தர் ஆபீசில் மேசை எனக்கு உயரம். மணிக்கட்டை மடக்கித்தான் கீபோர்டைத் தட்ட வேண்டும். ஒரு மாதமாக வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன. முதலாளியிடம் சொல்லவில்லை. எனக்கு முன்பு இருந்த பெண் கைவலி என்று சொன்ன வாரமே அவளை நிறுத்திவிட்டார்.

இன்று நசரத்பேட்டை விவசாயி ஒருவருடைய கிரயப் பத்திரம். சர்வே நம்பரில் ஒன்று என்ற எண் இரண்டு முறை விழுந்துவிட்டது. மரத்த விரலுக்கு அது தெரியவில்லை. நல்லவேளை, கையெழுத்துப் போடும் முன் அவர் படித்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? இது எங்க அண்ணன் நெலமாச்சே!"

முதலாளி என்னை முறைத்தார்.

"இவர் எழுதிக் குடுத்த சீட்டுல அப்படித்தான் சார் இருந்துச்சு" என்றேன்.

பெரியவர் சீட்டைக் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. "என் எழுத்து கோழி கிளறுன மாதிரிதாம்மா இருக்கும். தப்பா நெனச்சுக்காத" என்றார்.

திருத்திக் கொடுத்தேன். எல்லோரும் போனபின் நாற்காலியில் இரண்டு திண்டு போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முழங்கை கீபோர்டு மட்டத்துக்கு வந்தது. மணிக்கட்டு மடங்கவில்லை, வலியும் குறைந்தது. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

நாளைக் காலை பத்திரப் பதிவுக்குப் பெரியவர் வருவார். முதலாளி எதிரிலேயே உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் பெரியவர் மறுபடியும் என்னிடம் மன்னிப்புக் கேட்பார்.