டி செவனில் நின்ற பாட்டு

மச்சான்,

நேற்று ரேஷன் கடையில் என் விரலை இயந்திரம் ஏற்றுக்கொள்ளவில்லை. வலது கட்டைவிரலில் கட்டு இருந்ததால் இடது கையை நீட்டினேன். சுட்டுவிரல் வைத்தேன், இல்லை. நடுவிரல், அதுவும் இல்லை. "இன்னா சார், ரேகையே தேஞ்சி போயிருக்கு? கல்லு ஒடைக்கிற வேலையா?" என்றார் கடைக்காரர். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு அம்மா, "இவரு ஒருத்தருக்காக எவ்ளோ நேரம்பா நிக்கறது?" என்றார். கிட்டார் கம்பியை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன விரல் என்று அந்த வரிசையில் நின்று சொன்னால் பருப்பு கிடைக்காது. கடைசியில் சுண்டுவிரலை வைத்தேன். அது மட்டும் விழுந்தது. அந்த விரலை நாம் இருவரும் அபூர்வமாகத்தானே வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறோம்! பருப்புப் பையோடு வெளியே வந்து தனியாகச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சிதம்பரத்தில் அந்தத் தனியார் பாலிடெக்னிக்கில் நான் லேப் அசிஸ்டென்ட், நீ ஆபீசில் டி.சி. அடித்துக் கொடுப்பவன். நான் கடலூரிலிருந்து வருவேன், நீ புவனகிரியிலிருந்து. முதல் நாளே என்னை 'மச்சான்' என்றாய். நம் பக்கத்தில் எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று விட்டுவிட்டேன். 2005 கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, என் தங்கை ஸ்டெல்லா பரிமாறியபோது மூன்று முறை ரசம் வாங்கிக்கொண்டாயே, அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. உனக்கு ரசம் ஆகாது என்பது ஆபீசுக்கே தெரியும்.

அடுத்த வாரமே என்னையும் இழுத்துக்கொண்டு போய் அப்பாவின் முன்னால் நின்றாய். அப்பா எங்கள் சர்ச்சில் கொயர் மாஸ்டர், ஆர்கன் வாசிப்பவர். உன் குடும்பம், உன் சாமி, உன் சம்பளம் எதையும் அவர் கேட்கவில்லை.

"எம் பொண்ணு கொயர்ல பாடுறவ. கட்டிக்கிறவன் ஞாயித்துக்கெழமையானா வெளிய வேப்பமரத்தடியில வண்டி மேல ஒக்காந்து கடலை தின்னுக்கிட்டு இருப்பானா?" என்றார்.

"நான் கிட்டார் வாசிப்பேன் மாமா!"

'மாமா'வுக்கு முகத்தைச் சுளித்தார். 'கிட்டாரு'க்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ அறுப்பின் பண்டிகைக்கு வாசி. ரெண்டு மாசம் இருக்கு. பாட்டு ஒழுங்கா முடிஞ்சாத்தான் மேக்கொண்டு பேச்சு."

வெளியே வந்து உன் சட்டையைப் பிடித்தேன். "அடப்பாவி, கிட்டார் எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னாவது தெரியுமா?"

"நீ இருக்கியே மச்சான்," என்றாய்.

நான் இருந்து என்ன பயன்? எனக்கே தெரிந்தது மூன்று கார்ட், அதாவது கம்பிகளைச் சேர்த்து அடிக்கிற மூன்று விரல் பிடி. அப்பா சொன்ன பாட்டு முழுக்க, திரும்பின இடமெல்லாம் ஏ செவன், பி செவன் என்று செவன்த் கார்ட். கீழ வீதியில் ஒரு பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த கிட்டார் புத்தகம் ஒன்றை வாங்கினோம். சாப்பாட்டு நேரத்தில் ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து இருவரும் சேர்ந்தே படித்தோம். ஏ செவனுக்கு இரண்டே விரல் போதும் என்று பார்த்ததும், "கடவுள் இருக்காரு மச்சான்!" என்று கத்தினாய். பி செவனுக்கு நாலு விரல் என்றதும் அந்தக் கடவுளை என்னவெல்லாம் சொன்னாய் என்று இங்கே எழுத முடியாது. உன் இடது கை விரல்கள் வீங்கிப்போய், நீ அடித்த டி.சி.களில் கீபோர்டின் இடது பக்க எழுத்துகளெல்லாம் விடுபட்டன. பிரின்சிபால் மூன்றைத் திருப்பி அனுப்பினார்.

நம்மைக் கொன்றது டியும் டி செவனும்தான். டிக்கு மூன்று விரல் ஒரு முக்கோணமாக நிற்கும். டி செவனுக்கு அதே மூன்று கம்பி, முக்கோணம் மட்டும் எதிர்ப்பக்கம் பார்க்கும்.

"அதையே திருப்பிப் போட்டா வேற பேரா? எவன் மச்சான் இதெல்லாம் கண்டுபுடிக்கறான்?"

டி அடித்தால் பாட்டு வந்து உட்கார்ந்துவிடும், டி செவன் அடித்தால் இன்னும் எங்கேயோ போக வேண்டியதுபோல நிற்கும் என்று புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். நீ யோசித்தாய். "எங்க பெரியம்மா 'சரி நான் கெளம்பறேன்'னு சொல்லிட்டு வாசல்லயே அரை மணி நேரம் நிக்கும் பாரு, அதானே?" என்றாய். இன்றுவரை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

விஷயம் புரிந்ததே தவிர, இரண்டுக்கும் உன் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதனால் நான் சட்டம் போட்டேன். "யோசிக்காத. காத நம்பாத. தாள்ல என்ன எழுதியிருக்கோ அத மட்டும் அடி." பண்டிகைக்கு முந்தின நாள் சிதம்பரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில், மடியில் நோட்டை வைத்து முழுப் பாட்டுக்கும் புதிதாக ஒரு தாள் எழுதினேன். ஆலப்பாக்கம் வருவதற்குள் முடித்துவிட்டேன் என்று பெருமை வேறு.

பண்டிகையன்று பீடத்தைச் சுற்றிக் கரும்பு, வாழைத்தார், நெல் மூட்டை, கால் கட்டிய கோழிகள். உங்கள் வயலிலிருந்து ஒரு பூசணிக்காயைத் தூக்கி வந்திருந்தாய். பாட்டு தொடங்கியது. நீ தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, ஒரு கார்ட் தப்பவில்லை. ஸ்டெல்லா பாடுவதை விட்டுவிட்டு உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பல்லவி வந்தது, கடைசி வரி வந்தது. நீ ஓங்கி ஒரு அடி அடித்தாய். டி செவன்.

பாட்டு முடியவில்லை, மச்சான். சரணம் முடிந்து செவன்த் கேட்டால் பல்லவிக்குப் போவது அப்பாவின் கைக்கு முப்பது வருஷப் பழக்கம். கை தானாகப் பல்லவிக்குப் போய்விட்டது. கொயரும் போனது. மறுபடி கடைசி வரி, மறுபடி டி செவன், மறுபடி பல்லவி. பிரசங்கத்துக்கு எழுந்த போதகர் உட்கார்ந்தார், எழுந்தார், திரும்ப உட்கார்ந்தார். ஒரு கோழி கட்டை அவிழ்த்துக்கொண்டு பெண்கள் பக்கம் ஓடியது. மூன்றாவது முறை நான் உன் காதருகே போய், "செவன் வேணாம்டா, டி, வெறும் டி!" என்றேன். நீ விரலைத் திருப்பினாய். சபை மொத்தமும் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது.

அப்போதுதான் தாளைப் பார்த்தேன். கடைசி வரியின் மேல், என் கையெழுத்தில், கொட்டை எழுத்தில் டி செவன். சரணத்துக்கு எழுதிய அதே கை அங்கேயும் எழுதித் தொலைத்திருக்கிறது.

ஆராதனை முடிந்ததும் அப்பா நம் இருவரையும் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். "ஆருடா கடைசில செவன்த் போட்டது?"

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது, வீட்டில் ஒரு கைக்குழந்தை. இருந்தும் அப்பாவின் முன்னால் வாய் திறக்கவில்லை. சொன்னால் உன் கல்யாணம் பிழைக்கும் என்று தெரிந்தும் திறக்கவில்லை. நீ தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். "நான்தான் மாமா. பயத்துல கை மாறிப்போச்சு."

"நாளைக்குச் சொல்றேன்" என்று அப்பா போய்விட்டார். ஸ்டெல்லா அன்று சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. "ஏன்டா அப்படிச் சொன்ன?" என்று உன்னைக் கேட்டேன். "உங்கப்பா உன்ன தொரத்திட்டா எனக்கு யாரு கார்ட் சொல்லித் தர்றது?" என்றாய். மறுநாள் அப்பா சம்மதித்தார். காரணம் சொல்லவில்லை. நாமும் கேட்டுக் கெடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷம் கல்யாணம். அப்புறம் ஐந்து வருஷம் ஒரு ஞாயிறு தவறாமல் அந்தக் கொயரில் வாசித்தாய். பி செவன்கூடப் படிந்துவிட்டது. 2012இல் நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு உன் காலாலேயே நடந்து போனவன் திரும்பவில்லை. எனக்கு உன்மேல் இன்னும் கோபம்தான், மச்சான்.

உன்னை அடக்கம் செய்த மறு வாரம், ஆர்கன் முன்னால் வாசிக்காமல் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னைக்கு தப்பு அவன் மேல இல்லப்பா. எழுதினது நான்."

அவர் திரும்பவில்லை. "தெரியும். ரெண்டாவது தடவ சுத்தும்போதே தாள எட்டிப் பாத்தேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஆரு என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான் கேட்டேன்." ஆர்கன் மூடியைச் சாத்தினார். "பொண்ணக் குடுத்தது அவன் வாசிச்சதுக்கு இல்லடா."

ஆறு வருஷமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. இது தெரியாமலே நீ போய்விட்டாய். அன்றிலிருந்து, நான் கிட்டார் வாசிக்கும் அந்தக் கொயரில் எது தப்பினாலும், அப்பா "ஆரது?" என்று திரும்பினால், என் வாய் முந்திக்கொண்டு "நான்தான்ப்பா" என்கிறது. போன மாதம் ஒரு பாட்டு குளறுபடியானதற்கு, வீட்டில் அப்பா கேட்டபோதும் அப்படித்தான் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊரிலேயே இல்லை.