நீ திருத்தாத ஒரே செய்தி

இன்று காலை ஏறாவூர் வழியாக வந்தபோது உன் அண்ணனின், நீ 'காக்கா' என்று கூப்பிடுபவரின், அரிசி ஆலையில் நெல் அவிந்துகொண்டிருந்தது. அந்த ஈர வாசம் பஸ்ஸுக்குள்ளும் வந்தது. உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது. பேச நீ இல்லை; எழுதுகிறேன்.

ஆலையின் கழிவுத் தண்ணீர் வாவியில் கலக்கிறது, மீன் செத்து மிதக்கிறது என்று மீனவர்கள் முதலில் பத்திரிகை ஆசிரியரான உன்னிடம்தான் சொன்னார்கள். நீ நேரே என் மேசைக்கு வந்தாய்.

"இது எங்கட காக்காட மில். நீ போய்ப் பாத்து எழுது. நான் தொட மாட்டன்."

"தலைப்பையாவது பாத்துத் தாவன்" என்றேன். நம் பத்திரிகையில் உன் பேனா படாமல் ஒரு வரியும் அச்சுக்குப் போனதில்லையே.

"தலைப்பையும் தொட மாட்டன்" என்றாய்.

கரைக்குப் போய்ப் படம் எடுத்து வந்தேன். மறுநாள் உன் காக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். என்னை அவர் பார்க்கவேயில்லை.

"கூடப்பிறந்தவன்ட வயித்தில அடிக்கப் போறியா?" என்று உன்னைத்தான் கேட்டார்.

உன் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாய். "இருங்க காக்கா. உங்கட நியாயத்த இவட்டச் சொல்லுங்க" என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாய். கோபம் ஆறியபின், கழிவுக்குக் குழி வெட்டத் தொடங்கியிருப்பதாக அவர் சொன்னார். போய்ப் பார்த்தேன். அரைவாசி வெட்டியிருந்தது. செய்தியில் செத்த மீனையும் போட்டேன், அந்தக் குழியையும் போட்டேன்.

அந்தப் பெருநாளுக்கு அவர் உன்னைக் கூப்பிடவில்லை. நீ வழக்கம்போல என் எழுத்தில் பிழை பிடித்துக்கொண்டிருந்தாய்.

குழி வேலை முடிந்ததும் எங்கள் எல்லாருக்கும் அவர் பிரியாணி அனுப்பினார். நாங்கள் ஆசையோடு மூடியைத் திறக்க, நீ போனை எடுத்தாய். "காக்கா, இது இங்க வேணாம். வீட்டுக்குத் திருப்பி அனுப்புறன். நான் அங்க வந்து தின்னுறன்." மறுமுனையில் அவர் சிரித்தது எங்களுக்கும் கேட்டது. நீ வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தாய். நாங்கள் பாணும் சம்பலும் தின்றோம், உன்னைத் திட்டிக்கொண்டே.

நீ மௌத்தான அன்று, மரண வீட்டு வாசலில் உன் காக்கா என்னிடம் வந்தார்.

"அண்டைக்கு நான் சொன்னதையும் போட்டீங்களே. தங்கச்சி சொல்லித்தானே?"

"இல்ல காக்கா. அச்சாகும் வரைக்கும் அவ அதப் பாக்கவே இல்ல. ஆருடைய செய்தியா இருந்தாலும் அவங்கட பக்கத்தையும் போடுவம்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப எனக்கெண்டு தனியா அவள் ஒண்டும் செய்யல்ல" என்றார். அழுது வீங்கியிருந்த அந்த முகத்தில் அப்படியொரு பெருமை.

இப்போது உன் இடத்தில் நான் இருக்கிறேன். யாராவது வந்து "நம்மட ஆள்தானே, கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று கேட்கும்போது எனக்கு அந்த முகம் நினைவு வரும். பிறகு 'இல்லை' என்று சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருப்பதில்லை.