உள்ளே போனது நீ

இன்று மத்தியானம் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது டிவியில் நம் படம் வந்தது. நம் ஊர் டச்சுக்காரர் கல்லறை வாசலுக்குள் ஒரு குட்டித் தேவதை நுழைவாள். திரும்ப வெளியே வந்ததும் சிறகு உதிர்ந்து பெரியவளாகிவிடுவாள். பக்கத்தில் இருந்த என் மகள், "இன்னாம்மா இது, உள்ள போற பொண்ணு வேற, வெளிய வர்ற பொண்ணு வேற?" என்றாள். அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நீ கண்ணை மூடி நாற்பது நாள்கூட ஆகவில்லை.

நம் சின்ன வயதில் படக்காரர்கள் வந்து, குப்பத்துப் பெண்பிள்ளைகள் அத்தனை பேரையும் வரிசையாக நிற்கவைத்து உன்னைத்தான் பொறுக்கினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. முதல் நாள், எலும்புக்கூடு செதுக்கிய அந்த வாசலுக்குள் நீ நுழைவதை எடுத்தார்கள். வெளியே வருவதை மறுநாள் எடுப்பதாகச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலமே நீ பெரியவளானாய். கருவாடு காயும் மணலில் என்னை இழுத்து உட்காரவைத்து, "யார்கிட்டயும் சொல்லாதடி. நாளைக்கி ஒரு நாளு வெளிய வந்துட்டன்னா போதும், அப்புறம் அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாய். தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

நேராக உன் அம்மாவிடம் போனேன். "அத்தே, அவ பெரிய மனுஷி ஆயிட்டா. இந்த நேரத்துல கல்லறைக்குள்ள போனா காத்து கருப்பு அண்டிக்கும்னு பயமா கீது" என்றேன். பயமாவது ஒன்றாவது! அந்தச் சிறகு எனக்கு வேண்டியிருந்தது.

விடிந்ததும் உன் மாமன் பச்சை ஓலை வெட்டிவந்து குடிசை கட்டினார். உன்னை அதற்குள் உட்காரவைத்தார்கள். உன் உயரத்துக்கு நான்தான் இருந்தேன்; முகம் நிறைய ஜிகினா பூசி என்னை நடக்கவிட்டார்கள். வாசலைத் தாண்டிச் சிறகு உதிர்ந்ததும் என் அழுகை நிற்கவேயில்லை. நன்றாக நடிக்கிறாள் என்று கைதட்டினார்கள். உன் குடிசை நினைப்பில் அழுதேன் என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

ஓலை இடுக்கு வழியாக நீ கேட்டாய்: "யாருடி போய்ச் சொன்னது?"

"தெரியாதுடி" என்றேன்.

பிறகு பொன்னேரி தியேட்டரில் அந்தக் காட்சி வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் அழுகைய பார்த்தா எனக்கே அழுகை வருதுடி" என்றாய். அதற்குப் பிறகு எத்தனை வருடம்! உன் கல்யாணம், என் பிரசவம், கடைசியில் உன் ஆஸ்பத்திரிக் கட்டில். ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் வாயெடுத்தேன், உடனே வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன்.

இன்று மகளிடம், "வெளிய வந்தது நான்" என்றேன்.

"அப்போ உள்ள போனது?"

"என் சிநேகிதி. அவள நான்தான் வெளிய வரவுடல."

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது. நீ போன பிறகுதான் வாயில் வந்தது.